டிராக்டர் ஜெனரேட்டருக்கு எத்தனை கே.வி.ஏ.? கஜாவுக்குப் பின் நான் கற்ற கணக்கு

ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே காந்தம் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதைப் போல டகடகவென்று ஒரு சத்தம். மோட்டார் கொட்டகையில் தொங்கிய குண்டு பல்பு மங்கிச் சிவந்து அணையப் பார்த்தது. வெளியே டிராக்டரின் உறுமல் ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் ஏறியது. 180 அடி ஆழத்தில் தொங்கிய மோட்டார் மட்டும் கிளம்பவே இல்லை. கொட்டகைக்கு வெளியே எங்கள் தெருப் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது 2018 நவம்பர் கடைசி வாரம். 16-ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மேற்கே நகர்ந்த வழியில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. அப்பா வைத்து, நான் முப்பது ஆண்டு காய் பறித்த மரங்கள் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. தென்னையோடு மின்கம்பங்களும் விழுந்தன. டெல்டாவில் சாய்ந்த கம்பங்கள் லட்சத்துக்கும் மேல். நகரங்களுக்கு முதலில் மின்சாரம் வந்தது. தோப்புக்குள் வீடு கட்டிக்கொண்டு வாழும் எங்களுக்கு வாரக்கணக்கில் வரவில்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி காலி. மாட்டுக்கும் மனிதருக்கும் தண்ணீர் எங்கள் ஆழ்துளைப் போரிலிருந்துதான் வர வேண்டும், அதற்கோ மின்சாரம் இல்லை.

வீட்டில் 42 ஹெச்.பி. டிராக்டர் நின்றது. அதன் பின்பக்கம் சுழலும் பி.டி.ஓ. தண்டில் மாட்டி ஓட்டினால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஒன்று இருந்தால் போதும் என்று திருச்சிக்கு ஓடினேன். அந்த வாரம் ஜெனரேட்டர் தேடி அலையாதவர்கள் இல்லை. ஒரு கடையில், "மோட்டார் ஏழரை ஹெச்.பி.தானே? பத்து கே.வி.ஏ. தாராளம்" என்றார்கள். கே.வி.ஏ. என்பது ஆல்டர்னேட்டர் தரக்கூடிய மின்திறனின் அளவு. வழக்கமான விலையைவிட ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். பேரம் பேச மனமில்லாமல் கொடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்த அன்று மாலை நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

நான்கு முறை முயன்றோம். ஐந்தாவது முறை, டிராக்டரின் வேகத்தைக் கூட்டினால் சக்தியும் கூடும் என்று நினைத்துக் கைத் திராட்டிலை இழுத்தேன். பல்பு கண் கூசும்படி எரிந்து டப்பென்று வெடித்தது. வீட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்ததால் குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் தப்பின. மோட்டார் அப்போதும் கிளம்பவில்லை. நல்லவேளையாக, எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் அப்போது வந்து சேர்ந்தார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆல்டர்னேட்டரின் பெயர்த் தகட்டைக் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "தம்பி, ஓடுகிற மோட்டாருக்குக் கணக்குப் போட்டிருக்கிறாய். கிளம்புகிற மோட்டாருக்குப் போடவில்லை" என்றார்.

டிராக்டர் ஜெனரேட்டர் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரிடமும் நான் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் சொல்கிறேன். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

பெரியப்பா போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். எங்கள் மோட்டார் 7.5 ஹெச்.பி., மும்முனை, 415 வோல்ட். மின்வாரிய மின்சாரத்தில் ஓடும்போது மின்னோட்டம் அளக்கும் டங் டெஸ்டரை ஒயரில் கோத்துப் பார்த்தால் 14 ஆம்பியர் காட்டும். 415-ஐ 14-ஆல் பெருக்கி, மும்முனைக்குரிய 1.732-ஆல் மீண்டும் பெருக்கினால் 10,000 வோல்ட்-ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். அதாவது 10 கே.வி.ஏ. கடைக்காரர் சொன்ன எண்ணும் இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு அது சரியான எண்.

ஆனால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் முதல் ஓரிரு விநாடிகளில், ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். தேர் நிலையிலிருந்து கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அசையும்வரைதான் அத்தனை பேர் வடம் பிடிக்க வேண்டும், பின்னால் நெம்புகோல் போட வேண்டும். உருண்டுவிட்டால் அதில் பாதிப் பேர் போதும். எங்கள் மோட்டாருக்கு ஆறு மடங்கு என்றால் 84 ஆம்பியர். நான் வாங்கி வந்த 10 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டரின் முழுத் திறனே 14 ஆம்பியர். அதனிடம் 84 கேட்டால் வோல்டேஜ் படுத்துவிடும். வோல்டேஜ் படுத்தால் ஸ்டார்ட்டரின் காந்தம் பிடியை விடும். விட்டதும் சுமை விலகி வோல்டேஜ் எழும். மறுபடி பிடிக்கும், மறுபடி படுக்கும். அந்த டகடக சத்தத்தின் பொருள் இதுதான். அப்படிப் பிடித்து விடும் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டரின் முனைகள் தீப்பொறியில் தின்னப்படுகின்றன, மோட்டாரின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், வேகிறது. இன்னும் பத்து முறை முயன்றிருந்தால் காயில் கட்டவும் போர் மோட்டாரைத் தூக்கவும் ஆள் தேடியிருப்பேன். அந்த நாட்களில் அதற்கு ஆள் கிடைத்திருக்காது.

ஆல்டர்னேட்டர் தன் திறனைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு மின்னோட்டத்தைச் சில விநாடிகளுக்குத் தாங்கிக் கொடுக்கும். அதற்குமேல் இழுத்தால் விழுந்துவிடும். ஆகவே டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில், அதாவது பொத்தானை அழுத்தியதும் முழு மின்சாரமும் நேராக மோட்டாருக்குப் போகும் வகையில், மோட்டார் ஓடும்போது எடுக்கும் கே.வி.ஏ.வைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு அளவில் ஆல்டர்னேட்டர் வேண்டும். எங்களுக்கு 25 முதல் 30. முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பிவிட்டுப் பிறகு முழுதாகக் கொடுக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டராக இருந்தால் கிளம்பும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 84 என்பது 28 ஆகிவிடும். அப்போது ஒன்றரை முதல் இரண்டு மடங்கு போதும், 15 முதல் 20 கே.வி.ஏ.

இங்கே ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பலர், "அப்படியானால் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி மாட்டிவிடுகிறேன்" என்கிறார்கள். முதலில் உங்கள் போர் குழாயோடு இறங்கும் கேபிளைப் பாருங்கள். மூன்று ஒயர் கொண்ட ஒரே கேபிள் இறங்கினால் டி.ஓ.எல். மட்டும்தான் முடியும். ஆறு முனைகளும் மேலே வரும்படி இரண்டு கேபிள் இறங்கியிருந்தால்தான் ஸ்டார்-டெல்டா. ஏழரை ஹெச்.பி. வரை பெரும்பாலும் ஒரே கேபிள்தான் போட்டிருப்பார்கள். எங்களுடையதும் அப்படியே. கிணற்று மேட்டில் மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆறு முனைகளும் மோட்டாரின் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

அன்று இரவு தண்ணீர் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் கோயில் திருவிழாக்களுக்கு விளக்கு அலங்காரம் செய்பவரிடம் டிராக்டரில் மாட்டும் 30 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டர் ஒன்று இருந்தது. பெரியப்பா பேசி வாங்கிக் கொடுத்தார். வாடகைகூட அவர் கேட்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அதை மாட்டினோம். அதே 42 ஹெச்.பி. டிராக்டர், அதே மோட்டார், அதே ஸ்டார்ட்டர். பொத்தானை அழுத்தியதும் பல்பு ஒரு இமைப்பொழுது மங்கி நிமிர்ந்தது. டிராக்டர் லேசாக முனகியது. குழாயிலிருந்து முதலில் காற்று, பிறகு சேறு கலந்த தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். நள்ளிரவு தாண்டியும் குடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. பேரனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி குழாயடியிலேயே அவனைக் குளிப்பாட்டினார்.

அந்த இரவில் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. டிராக்டர் மாறவில்லை, ஆல்டர்னேட்டர்தான் மாறியது. என் டிராக்டரால் 30 கே.வி.ஏ.வைச் சுற்ற முடியுமா முடியாதா? பெரியப்பாவிடம் கேட்டேன். "மோட்டாரைக் கிளப்புவது ஆல்டர்னேட்டரின் வேலை. கிளம்பிய மோட்டாரை ஓட்டுவது டிராக்டரின் வேலை. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்" என்றார். கிளம்பும் நேரத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி அதன் காந்தப் புலத்தை எழுப்புவதற்காகப் போய்த் திரும்புவது. அது ஆல்டர்னேட்டரின் காயிலுக்குச் சுமை. என்ஜினுக்கு அந்த அளவுக்குச் சுமை இல்லை. அந்த ஓரிரு விநாடியைச் சுழலும் ஃபிளைவீலின் வேகமும் தாங்கிக்கொள்ளும். ஓடத் தொடங்கியபின் எங்கள் மோட்டார் கேட்பது 8 கிலோவாட் அளவுதான். பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டதால் டிராக்டர் அதன் முழு சக்தியையும் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. சுமை எவ்வளவோ அவ்வளவே இழுக்கும்.

இனி டிராக்டரின் கணக்கு. 42 ஹெச்.பி. என்பது என்ஜினின் எண். பின்பக்கத் தண்டுக்கு வந்து சேருவது அதில் ஏறக்குறைய 85 விழுக்காடு, அதாவது 36 ஹெச்.பி. டிராக்டரோடு தரும் விவரக் கையேட்டில் பி.டி.ஓ. ஹெச்.பி. என்று தனியாகப் போட்டிருப்பார்கள்; அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஹெச்.பி. 746 வாட் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் பெல்ட்டில் கொஞ்சம் போகும், ஆல்டர்னேட்டருக்குள் சூடாகக் கொஞ்சம் போகும், பங்குனி வெயிலில் மணிக்கணக்காக ஓடும்போது என்ஜினுக்கும் மூச்சு விட இடம் வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு கிலோவாட் மின்சாரத்துக்கு இரண்டு பி.டி.ஓ. ஹெச்.பி. என்று வைத்துக்கொண்டால் ஒருநாளும் தவறாது. 36-இல் பாதி 18 கிலோவாட். கே.வி.ஏ.வில் உண்மையில் வேலை செய்யும் பங்கு 0.8 என்று கொண்டு, அதனால் வகுத்தால் 22.5 கே.வி.ஏ. தொடர்ந்து இழுக்கக்கூடிய சுமைக்கு என் டிராக்டரின் எல்லை இது. நான் ஏற்றப்போவதோ மோட்டாருக்கு 8 கிலோவாட், வீட்டுக்கு இரண்டு. ஆகவே 25 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டர் மோட்டாரைக் கிளப்பும், 42 ஹெச்.பி. டிராக்டர் அதைச் சிரமமில்லாமல் ஓட்டும். 2019 தொடக்கத்தில் அந்த 10 கே.வி.ஏ.வைக் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவருக்கு நட்டத்தில் விற்றுவிட்டு 25 கே.வி.ஏ. வாங்கினேன். விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓட்டும் அவருக்கு அந்தச் சிறியது இன்றும் பொருத்தமாக ஓடுகிறது.

இதற்கு நேர் எதிரான சிக்கலை என் நண்பரிடம் பார்த்தேன். கடலோரத்தில் இறால் குட்டை வைத்திருக்கிறார். குட்டையில் காற்றேற்றும் துடுப்பு இயந்திரங்கள் எட்டு, ஒவ்வொன்றும் 2 ஹெச்.பி. மின்சாரம் போய்ச் சில மணி நேரத்துக்குள் அவை சுழலாவிட்டால் இறால் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். அவரும் 25 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டர்தான் வைத்திருந்தார். கிளப்புவதில் அவருக்குத் தொல்லையே இல்லை. ஒவ்வொன்றாக, இடையில் பத்து விநாடி விட்டு ஓட விடுவார். ஒரு பெரிய மோட்டாரைவிட எட்டுச் சிறிய மோட்டார்கள் கிளம்புவது எளிது. ஆனால் எட்டும் சேர்ந்து விடிய விடிய இழுப்பது 15 கிலோவாட். அவருடைய டிராக்டர் 35 ஹெச்.பி.; தண்டுக்கு வருவது 30; அதில் பாதி 15. சரியாக விளிம்பில் நிற்கும் கணக்கு. நள்ளிரவுக்குமேல் புகை கறுத்தது, தண்ணீர்ச் சூடு ஏறியது, வேகம் இறங்கியது. அவருக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கினால் எதுவும் மாறாது; பெரிய டிராக்டர் வேண்டும், அல்லது ஒரு துடுப்பை நிறுத்த வேண்டும். அவர் அடுத்த பருவத்தில் தம்பியின் 50 ஹெச்.பி. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஒரே 25 கே.வி.ஏ. எனக்குச் சரி, அவருக்கு எல்லை. ஆகவே யாராவது, "எத்தனை கே.வி.ஏ. வாங்கலாம்?" என்று கேட்டால் நான் பதிலுக்கு, உங்களிடம் இருப்பதிலேயே பெரிய மோட்டார் எது, அதன் ஸ்டார்ட்டர் என்ன வகை, ஒரே நேரத்தில் எவையெல்லாம் ஓட வேண்டும், டிராக்டரின் பி.டி.ஓ. ஹெச்.பி. எவ்வளவு என்று கேட்கிறேன். இவற்றுக்கு விடை தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். கடையில் பெயர்த் தகட்டையும் சோதியுங்கள். 25 கே.வி.ஏ. என்றால் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 35 ஆம்பியர் போட்டிருக்க வேண்டும். கே.வி.ஏ. ஒன்று சொல்லி, ஆம்பியர் வேறொன்று சொல்லும் தகட்டை நம்ப வேண்டாம். செம்புக் கம்பிக் காயிலா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். முடிந்தால், "என் தோட்டத்து மோட்டாரை ஓட்டிக் காட்டினால்தான் மீதிப் பணம்" என்று பேசுங்கள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் வாங்கினேன்.

அப்படி வாங்கியும் ஒரு தவறு நேர்ந்தது. மோட்டார் கிளம்பியது, வோல்ட் மீட்டர் 415 காட்டியது, ஆனால் குழாயில் தண்ணீர் பாதிகூட வரவில்லை. ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டு இரண்டு ஒயர்களை மாற்றிப் பார்த்தோம். அப்போது இன்னும் மோசமாயிற்று. பழையபடி மாட்டினோம். பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு பழைய ஹெர்ட்ஸ் மீட்டர் கொண்டுவந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சதுரப் பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை நுனி கொண்ட சிறு எஃகு நாக்குகள் வரிசையாக இருக்கும். எந்த அதிர்வெண் ஓடுகிறதோ அந்த எண்ணுக்குரிய நாக்கு மட்டும் அதிர்ந்து வெண்பட்டையாக விரியும். மின்வாரிய மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50-க்கு நேரே விரிய வேண்டிய பட்டை அங்கே இல்லை. அந்த மீட்டரின் தொடக்க எண்ணான 45-இலும் அசைவில்லை. அதற்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது மின்சாரம்.

காரணம் கப்பி. நான்கு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். பி.டி.ஓ. தண்டு சுற்றுவது 540. ஆகவே டிராக்டர் பக்கக் கப்பி, ஆல்டர்னேட்டர் பக்கக் கப்பியைப் போல 2.78 மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் 6 அங்குலக் கப்பி இருந்தது; டிராக்டர் பக்கம் 16 முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். கையிலிருந்த 14 அங்குலத்தை மாட்டி அனுப்பிவிட்டார்கள். 540-ஐ 14-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 1,260 சுற்று, 42 ஹெர்ட்ஸ். மோட்டார் 84 விழுக்காடு வேகத்தில் ஓடியது. பம்ப் தண்ணீரைத் தள்ளும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 84 விழுக்காடு வேகத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு உயரம்தான். 250 அடிக்குத் தள்ள வேண்டிய பம்ப் 175 அடியோடு நின்றுவிடும். ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் குழாய் வாய்க்கு வந்து சொட்டுவதன் காரணம் அதுதான். இதைவிடக் கெடுதல், குறைந்த ஹெர்ட்ஸில் முழு 415 வோல்ட்டைக் கொடுத்தால் மோட்டார் சூடேறிக்கொண்டே போகும். மேலே நிற்கும் நமக்கு ஒன்றும் தெரியாது.

டிராக்டரை அதிக வேகத்தில் ஓட்டிச் சரிக்கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம். தண்டு, கப்பி, என்ஜின் மூன்றுக்கும் அது கேடு, டீசலும் வீண். 17 அங்குலக் கப்பி போட்ட பிறகு மீட்டரில் 50-இன் நாக்கு விரிந்தது. குழாயில் தண்ணீர் பழைய கனத்தோடு வந்தது. அன்று முதல் அந்த மீட்டரை ஆல்டர்னேட்டரின் பலகையிலேயே பொருத்திவிட்டேன். பெரியப்பா, "எனக்கு எதற்கு இனி?" என்று கொடுத்துவிட்டார். சுமை இல்லாதபோது 52-இல் வைத்துக்கொள்வேன். மோட்டார் ஏறியதும் தானாக 50-க்கு இறங்கும். 48-க்குக் கீழே இறங்கினால் சுமை அதிகம் என்று பொருள், ஒன்றை நிறுத்துவேன். மோட்டார் கிளம்பி நிலைக்கு வந்த பின்னரே வீட்டுச் சுவிட்சைப் போடுவேன். வீட்டுச் சுமை முழுவதையும் ஒரே ஃபேஸில் தொங்கவிடுவதும் தவறு. 25 கே.வி.ஏ. என்பது மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து. ஒன்றுக்கு எட்டுக்குச் சற்றுமேல்தான்.

டீசலைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டாரும் வீடும் ஓடும்போது என் டிராக்டர் மணிக்கு மூன்றரை லிட்டர் குடிக்கிறது. அன்றைக்கு லிட்டர் 70 ரூபாயை ஒட்டி இருந்தது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் நம் மாநிலத்தில் இதை வைத்து அன்றாடம் பாசனம் செய்ய நினைப்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள். ஆபத்துக் காலத்துக்கும், பயிர் கருகும் ஓரிரு நாளுக்கும் மட்டும் இது கட்டுப்படியாகும். புதிய டிராக்டர்கள் சிலவற்றில் சிக்கன பி.டி.ஓ. என்று ஒரு நிலை உண்டு. என்ஜின் குறைந்த வேகத்தில் ஓடும்போதே தண்டு 540 சுற்றும். சுமை குறைவாக இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தினால் டீசல் மிச்சமாகும்.

அளவைவிடவும் பெரிதாக நான் கருதும் ஒன்று இருக்கிறது. புயல் முடிந்த மூன்றாவது வாரம் வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் எங்கள் பக்கம் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். வயலுக்குள் இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். ஒரு நாள் காலையில் ஓர் இளைஞர் எங்கள் வேலியருகே நின்று, கையில் இடுப்புக் கயிற்றோடு, "இந்தத் தெருவில் யார் வீட்டிலாவது ஜெனரேட்டர் ஓடுகிறதா அண்ணா?" என்று கேட்டார். அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெரியப்பா விளக்கினார். ஜெனரேட்டர் மின்சாரம் மெயினைக் கடந்து தெருக் கம்பிக்குப் போனால், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டை 433-ஆக இறக்கித் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்ப்பக்கமாகக் கொடுத்தால் நம் 415-ஐ 11,000 பக்கம் ஏற்றிவிடும். மின்சாரம் இல்லாத கம்பி என்று நம்பி மேலே கை வைப்பவர் அங்கேயே கருகிப்போவார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

அதுவரை நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரை முறுக்கிக் கட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். யாராவது தெரியாமல் மெயினை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரமே நான்கு முனை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்கிப் பொருத்தினோம். ஒரு பக்கம் வாரியம், ஒரு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் எதிலும் சேராத நிலை. இரண்டும் ஒருசேர இணைய வழியே கிடையாது. நியூட்ரலும் சேர்ந்து பிரியும்படி நான்கு முனையாக இருப்பது அவசியம். ஜெனரேட்டருக்காகச் செலவிடும் பணத்தில் இதன் பங்கு சிறியது. இதை வாங்கப் பணம் போதவில்லை என்றால் ஜெனரேட்டரையே வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் நியூட்ரலுக்கும் தனி எர்த் கொடுங்கள். டிராக்டர் ரப்பர் டயரில் நிற்கிறது. தானாகப் பூமியைத் தொடாது. சுழலும் தண்டுக்கும் பெல்ட்டுக்கும் மூடி போடாமல் ஓட்டாதீர்கள். 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. கைலியின் நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. எங்கள் வீட்டில் கைலியோ புடவையோ கட்டிக்கொண்டு யாரும் அதன் அருகே போவதில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பக்கமே அனுமதி இல்லை.

தோப்பில் இப்போது புதுக் கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால், டிராக்டரைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, பெல்ட்டின் இறுக்கம் பார்த்து, சேஞ்ச் ஓவரைத் திருப்பி, மோட்டாரை முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன். பெரியப்பா இப்போது இல்லை. இந்த ஆண்டு பொத்தானை அழுத்தியது என் மகள். பல்பு ஒரு கணம் மங்கி நிமிர்ந்தது. அவள் குனிந்து, பெரியப்பா கொடுத்த மீட்டரின் கண்ணாடியை விரலால் துடைக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தி, என் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். துடைத்துவிட்டு, "ஐம்பதில் நிற்கிறது அப்பா" என்றாள்.